ஒற்றைச் சிறுநீரகமும் ஒரு சுழியோடியின் மூச்சும்

கடலுக்கடியில் போய்வருகிறவனுக்கு வரக்கூடிய வலி எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். காது வலி, பல் வலி, மேலே வந்த பிறகு தோள்மூட்டைத் திருகுகிற வலி, எல்லாம் பார்த்தவன். ஆனால் போன வருடம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில், கொட்டியாரக் குடா வாயில் நீரிலிருந்து படகுக்கு ஏறிய என்னை வேறொரு வலி பிடித்தது. இடது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கி அடிவயிறு வரைக்கும் இறங்கியது. படகுப் பலகையில் சுருண்டு விழுந்தேன். வாந்தி எடுத்தேன். ஐம்பதை எட்டப் போகிற மனிதன், அம்மா, அம்மா என்று அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் இந்தச் சாட்சி எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் செல்வராசா. சாம்பல்தீவு ஆள். சங்கும் கடலட்டையும் எடுக்கிற சுழியோடி. இப்போது எல்லாரும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் நான் தொழில் பழகியது வெறும் மூச்சில். நெஞ்சை நிறைத்துக்கொண்டு இறங்கினால் கூடப் போனவர்கள் இரண்டு தரம் மேலே வந்து போவார்கள், நான் அப்போதும் கீழே சங்கு பொறுக்கிக்கொண்டிருப்பேன். திருகோணமலைக் கடலில் என்னைவிட நீண்ட மூச்சு உள்ளவன் இருந்தால் வரட்டும், பார்ப்போம். பெருமை பேசுகிறேன் என்று எங்கள் பாஸ்டர் எத்தனையோ தரம் கண்டித்திருக்கிறார். இந்தப் பெருமையைக் கர்த்தர் என்ன செய்தார் என்பதைத்தான் எழுத வந்தேன், ஆகவே அவரும் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆழத்தில் கனநேரம் இருந்துவிட்டு மேலே வந்தவனுக்கு மூட்டிலோ முதுகிலோ வலி வந்தால், அவனுக்குக் காற்று அடித்துவிட்டது என்போம். இரத்தத்துக்குள் காற்றுக் குமிழ் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதற்கு எங்கள் கைவைத்தியம், வலிக்கிறவனுக்கு மறுபடியும் சிலிண்டரைக் கட்டி அதே ஆழத்துக்கு இறக்கிவிடுவது. கீழே போனால் வலி விடும், பிறகு மெல்ல மெல்ல மேலே வரவேண்டும். டொக்டர்மார் கேட்டால் தலையில் கை வைப்பார்கள். எங்களுக்கோ அதுதான் தெரிந்த மருந்து.

படகு நஸீர் நானாவுடையது. கிண்ணியாக்காரர், என்னைவிட மூத்தவர், அதனால்தான் நானா, அதாவது அண்ணன். படகை ஓட்டுவதும் அவரே. நான் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. காத்துத்தான் அடிச்சிருக்கு, இறங்கு தம்பி என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அழுதுகொண்டே சிலிண்டரைக் கட்டி இறங்கினேன்.

கீழே போய்க் கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. அதுதான் என்னைக் கெடுத்தது. சிறுநீரகக் கல்லினால் வருகிற வலி அலையலையாக வந்து தானாகவே போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடல் சுகமாக்கிவிட்டது என்றே நம்பினேன். அந்தப் பருவம் முழுக்க, வலி வரும்போதெல்லாம் இறங்கிக் கடலடியில் போய்க் கிடந்தேன். சிறுநீரகக் கல்லுக்குச் சிலிண்டர் கட்டிக்கொண்டு மருந்து தேடிப் போனவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்குள் இன்னொரு கூத்து. நாங்கள் இறங்கும் நாளில் தண்ணீர் குடிக்கமாட்டோம். கீழே குளிரில் மூத்திரம் முட்டும், அந்தத் தொல்லை வேண்டாம் என்று விடிய ஒரு பிளேன்டீயோடு போனால் பின்னேரம் கரைக்கு வரும்வரை ஒரு சொட்டு இல்லை. கச்சான் காற்று உடம்பில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். இப்படியே முப்பது வருடத்துக்கு மேல். கல் வராமல் என்ன செய்யும்? தண்ணீருக்குள்ளேயே சீவிக்கிறவனுக்குத் தண்ணீர் போதாமல் நோய் வந்ததாம் என்று டொக்டர் பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அது கடைசியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெளிக்கிட்டு நின்றபோது குளிர் பிடித்தது. பல்லும் பல்லும் அடித்துக்கொண்டது. மூத்திரம் சிவப்பாகப் போனது. என் மனைவி புஷ்பம் அதைக் கண்டதும் பைபிளைக் கதிரையில் வைத்துவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டாள். நான் கடலுக்குப் போனால் சரியாகிவிடும் என்று முனகினேனாம். அவள் சொன்னது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது.

"இஞ்சருங்கோ, இனிக் கடல் எண்டு ஒரு கதை கதைச்சா நான் உங்களோட கதைக்கமாட்டன். ஏறுங்கோ."

ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து ஏற்றினார்கள். ஸ்கான் செய்தார்கள். பிறகு வளையம் போன்ற பெரிய மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டொக்டர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, மனைவியையும் உள்ளே வரச் சொன்னார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இது காற்று அடித்த விஷயம் இல்லை என்று.

என் வலது சிறுநீரகம் வேலை செய்யவில்லை. எப்போதோ ஒரு கல் சத்தமில்லாமல் அடைத்து, அது சுருங்கிப்போய்க் கிடந்தது. எத்தனையோ வருடமாக ஒற்றைச் சிறுநீரகத்தில்தான் நான் கடலேறி இறங்கியிருக்கிறேன். அந்த ஒற்றைக்குள்ளும் இப்போது ஒரு கல். சின்னக் கல் இல்லை. கிளை விட்டு, உள்ளே இருக்கிற இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. பார்வைக்கு மான்கொம்பு மாதிரி. டொக்டர்மாரும் அதை அப்படித்தான் சொல்வார்களாம். அதை எடுக்காவிட்டால் இந்தச் சிறுநீரகமும் போகும். எடுக்கும்போது ஏதாவது பிழையானாலும் போகும். பிறகு உயிரோடு இருக்கிற நாளெல்லாம் மெஷினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு பின்னேரம் உட்துறைமுகப் பக்கம் தனியாகப் போய் இருந்தேன். கப்பல்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. அந்தத் தண்ணீருக்கடியில் எங்கே பாறை, எங்கே சேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் உடம்புக்குள் இருந்த பாறை மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஆண்டவரே, ஒரு நாளாவது உம்மைக் கூப்பிடாமல் நான் இறங்கியிருக்கிறேனா என்று கேட்டேன். நான் ஜெபிக்கவில்லை, சண்டைதான் பிடித்தேன். அவ்வளவு பயமும் கோபமும் எனக்கு இருந்தது.

எங்கள் சபை சின்னச் சபை. ஆனால் ஜெபிக்கத் தெரிந்த சபை. எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். தொழிலை விட்டுவிட்டு வந்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் நின்றார்கள். டொக்டர் எனக்குச் சொன்னதோ, நேரம் காலம் பார்க்காமல் தண்ணீர் குடி என்று. எல்லாரும் வாய் காய்ந்து ஜெபிக்க, நடுவில் நான் மட்டும் ஒரு பெரிய போத்தலைப் பிடித்துக்கொண்டு மடக்கு மடக்கென்று குடித்தேன். புஷ்பம் பக்கத்தில் இருந்து போத்தல் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, ஆனால் எனக்காக இத்தனை பேர் பட்டினி கிடக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்தும் இருந்தது. நஸீர் நானாவும் தன் பள்ளிவாசலில் எனக்காகத் துஆக் கேட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கத்தி படாமல் கல் கரைய வேண்டும். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி அவித்த தண்ணீரும் அக்கம்பக்கத்தில் இருந்து வந்தபடி இருந்தன, அதையும் குடித்தேன். அடுத்த ஸ்கானுக்குப் போகும்போது, கல் காணாமல் போயிருக்கும், டொக்டர் திகைக்கப் போகிறார் என்று எனக்குள் பெரிய எதிர்பார்ப்பு. சாட்சியை எப்படிச் சொல்வது என்றுகூட ஓட்டோவில் போகும்போது யோசித்து வைத்திருந்தேன். படத்தில் கல் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது.

ஒப்பரேஷனுக்கு வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சிறுநீரக சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர், நம் தமிழ்ப் பிள்ளை, அமைதியான மனிதர். படத்தைக் காட்டி விளக்கினார். முன்பென்றால் பக்கத்தை நீளமாக வெட்டித் திறக்க வேண்டும். இப்போது முதுகில் சின்ன விரல் போகிற அளவு துளை போதும். எக்ஸ்ரே மெஷின் மேலே நின்று படத்தைத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ஒரு நீள ஊசியைத் தோலிலிருந்து சிறுநீரகத்துக்குள் விடுவார்கள். அந்த ஊசி போன வழியை மெல்ல அகலமாக்கி, கமரா வைத்த குழாயை இறக்கி, கல்லை உடைத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். இதில் எது கஷ்டம் என்று கேட்டேன். முதல் ஊசிதான் என்றார். கல்லின் மேல் கிளை விலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கேதான் வழி எடுக்க வேண்டும், அதற்கு மேலே நுரையீரல். சிறுநீரகமோ ஒரு இடத்தில் நிற்காது, மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் முரண்டு பிடித்தேன். கல்லைக் கரைக்கும்படி கேட்டோம், ஆண்டவர் இன்னும் கரைக்கவில்லை, அதற்குள் போய் மேசையில் படுத்தால் விசுவாசம் எங்கே என்று கேட்டேன். உண்மை என்னவென்றால் பயம். பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். புஷ்பம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்க இறங்கேக்க உங்கட விசுவாசம் குறைஞ்சதோ? கடவுள் பாத்துக்கொள்ளுவார் எண்டு வெறுமன இறங்கிறனீங்களோ? இல்லத்தானே. சிலிண்டரையும் கட்டினீங்கள், ஜெபமும் பண்ணினீங்கள். இதுக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்?"

பாஸ்டர் இத்தனை வருடம் பிரசங்கம் செய்து எனக்கு விளங்காதது அந்தக் குசினியில் விளங்கியது. என் மனைவியைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, அதை அவள் முன்னால் சொல்வதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், வாசிக்கட்டும்.

ஒப்பரேஷனுக்கு முன் மயக்க மருந்து டொக்டர் அம்மா என் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். இளம் வயதில் ஒருமுறை ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்து நுரையீரல் கிழிந்து, சாகக் கிடந்து பிழைத்தவன் நான். அந்த வடு இன்னும் இருக்கிறது. அதனால் முழு மயக்கம் வேண்டாம், முதுகெலும்பில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்வோம், நீங்கள் விழித்தே இருப்பீர்கள் என்றார். இதைவிட மயங்கிக் கிடந்திருக்கலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தியேட்டருக்குள் கொண்டுபோகும்வரை புஷ்பம் கட்டிலோடு நடந்துவந்தாள். கதவடியில் என் நெற்றியில் கையை வைத்து மெல்ல ஜெபித்தாள். கதவு மூடியது.

முதுகில் ஊசி போட்டார்கள். கால் என்னுடையது இல்லாமல் போனது. என்னென்னவோ ஆயத்தமெல்லாம் செய்துவிட்டு என்னைக் குப்புறக் கிடத்தினார்கள். எல்லாரும் எக்ஸ்ரேக்காகப் பாரமான அங்கி போட்டிருந்தார்கள். முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்ததில், தற்செயலாக எனக்குத் திரை தெரிந்தது. சகோதரங்களே, என் உடம்பின் உள்ளே நான் பார்த்தேன். முதுகெலும்பு, விலா, எல்லாம் கருவாட்டு முள்ளு மாதிரி. மருந்து பாய்ச்சினதும் சிறுநீரகத்தின் வடிவம் கறுப்பாகத் தெளிந்து வந்தது. நான் மூச்சை இழுக்க அது கீழே இறங்குகிறது, விட மேலே ஏறுகிறது. எனக்கிருக்கிற ஒன்றே ஒன்று அதுதான். கையில் எடுத்துப் பொத்திப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

டொக்டர் ஊசியை வைத்தார். அவர் தன் கையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். பிறகு என்னிடம், ஐயா, நான் சொல்லும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்றார்.

இதைத்தானே நான் ஆயுள் முழுக்கச் செய்தேன். எனக்குள் ஒரு சந்தோஷம், பார் என் திறமையை என்று. அவர் சொன்னதும் நெஞ்சு முட்ட இழுத்துப் பிடித்தேன். திரையில் சிறுநீரகம் சடாரென்று கீழே போனது. டொக்டர் ஊசியை எடுத்துவிட்டார்.

"இல்ல ஐயா. நிறைச்சுப் பிடிக்கக் கூடாது. நிறைச்சா நுரையீரல் கீழ வந்து ஊசிக்குக் குறுக்கால நிக்கும். முழுக்க வெளியில விடுங்கோ. விட்டிட்டு, வெறும் நெஞ்சோட நில்லுங்கோ."

வெறும் நெஞ்சோடு நிற்பது. ஒரு சுழியோடியிடம் இதைக் கேட்பது என்னவென்று அந்த டொக்டருக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் பயப்படுகிறது அதற்குத்தான். கடலடியில் வெறும் நெஞ்சு என்றால் சாவு. நெஞ்சில் காற்று இருக்கும் வரைக்கும்தான் எங்களுக்குத் தைரியம். அது தீரப் போகிறது என்றால் உடம்பு சொல் கேட்காது. நான் விட்டேன், நின்று பார்த்தேன், உடனே பதறி இழுத்துவிட்டேன். ஊசி மறுபடியும் வெளியே. டொக்டர் கோபப்படவில்லை. கொஞ்சம் ஆறுங்கோ, பிறகு பார்ப்போம் என்றார். என் சிறுநீரகம் போகப் போவது என்னால்தான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஜெபித்தேன். துறைமுகத்தடியில் சண்டை பிடித்த ஜெபம் இல்லை, கல்லைக் கரையும் என்று கட்டளை போட்ட ஜெபமும் இல்லை. வாய் அசையவில்லை. ஆண்டவரே, இவ்வளவு காலமும் நெஞ்சை நிறைத்துக்கொண்டுதான் உம்மிடம் வந்தேன், இப்போது ஒன்றும் இல்லாமல் நிற்கச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது, நீர் நில்லும் என்றேன். அவ்வளவுதான்.

டொக்டர் சொன்னார். நான் விட்டேன். கடைசிக் காற்று வரைக்கும் விட்டேன். நெஞ்சு ஒட்டிப்போனது. திரையில் சிறுநீரகம் ஏறிவந்து ஓரிடத்தில் நின்றது. அசையவே இல்லை. நானும் அசையவில்லை. பதற்றம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எனக்குப் பயம் போய்விட்டிருந்தது. என்னை யாரோ தாங்கிக்கொண்டிருந்தார். யாரென்று எனக்குத் தெரியும். ஊசி திரையில் ஒரு கோடாக இறங்கியது. ஊசி வழியாகச் சிறுநீர்ச் சொட்டு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று அர்த்தம். டொக்டர் மெல்லிய கம்பியை ஊசிக்குள்ளால் விடுவதில் ஆழ்ந்துவிட்டார். எல்லாருடைய கண்ணும் திரையில். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை, என் தலைமாட்டில் நின்ற நர்ஸ் தங்கச்சி தவிர.

"ஐயா, மூச்செடுங்கோ. போதும், மூச்செடுங்கோ."

எடுத்தேன். அதைப்போல ஒரு மூச்சு கடலில் இருந்து மேலே வரும்போதும் நான் எடுத்ததில்லை. டொக்டர் முகமூடிக்குள்ளால் சிரித்தது கேட்டது. சுழியோடி என்று சொன்னபோது சும்மா சொல்கிறீர்கள் என்று நினைத்தேன் ஐயா என்றார். விறைத்துப்போய்க் குப்புறக் கிடந்த நிலையிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு வழியை அகலமாக்கிக் குழாயை இறக்கினார்கள். கல்லை உடைக்கிற சத்தம் கேட்டது, டக் டக் டக் என்று, பாறையில் ஒட்டின சிப்பியைத் தட்டுகிற மாதிரி. துண்டு துண்டாக எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டார்கள். நான் உள்ளுக்குள் பாடிக்கொண்டு கிடந்தேன். எத்தனையோ வருடம் கடலடியில் பொறுக்கினவனுக்குள் இருந்து அன்றைக்கு வேறொருவர் பொறுக்கினார்.

முதுகில் ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு பையும் வைத்து வார்டுக்கு அனுப்பினார்கள். பையில் முதலில் சிவப்பு வந்தது, பிறகு றோஸ் நிறம், பிறகு தெளிந்தது. புஷ்பம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாயை எடுத்த அன்றைக்கு டொக்டர் இரத்தப் பரிசோதனை முடிவோடு கட்டிலடிக்கு வந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன், கையில் இருந்த தாளைப் பார்க்கவில்லை.

"சிறுநீரகம் நல்லா வேலை செய்யுது ஐயா. மெஷின் உங்களுக்குத் தேவையில்ல."

புஷ்பம் அழுதாள். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில் ஐயாவும் அழுதார், அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

டொக்டரிடம் நான் சொன்னேன், அந்த நுரையீரல் வடு இருந்தபடியால்தானே என்னை மயக்காமல் விட்டீர்கள், ஆண்டவர் அதை எத்தனை வருடத்துக்கு முன்னமே போட்டு வைத்திருக்கிறார் பாருங்கள் என்று. அவர் நேர்மையான மனிதர். மயக்கியிருந்தாலும் மெஷின் மூச்சை நிறுத்திப் பிடித்து நாங்கள் ஊசி போட்டிருப்போம் ஐயா, தினமும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். செய்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பதில் மெஷின் மூச்சைப் பிடித்திருந்தால் கல் மட்டும்தான் போயிருக்கும். எனக்குள் இருந்த பயம் போயிருக்காது. அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்து ஊசி ஏற்றிய கை கர்த்தர் கொடுத்த கை. அந்த எக்ஸ்ரே மெஷினைச் செய்த மூளையும் அவர் கொடுத்தது. இது வெளிநாட்டிலே நடந்ததில்லை, எங்கள் இலங்கையில், அரசாங்க ஆஸ்பத்திரியில், எங்கள் பிள்ளைகள் செய்தது. அதைச் சொல்லும்போது என் தலை நிமிர்கிறது.

இப்போது நான் ஆழத்துக்கு இறங்குவதில்லை. நஸீர் நானாவோடு படகில் போகிறேன், இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் வேலை, ஒவ்வொருவனும் என் கண் முன்னால் தண்ணீர் குடிக்க வேண்டும். மூத்திரம் முட்டும் அண்ணே என்பான். முட்டட்டும், கடல் பெரிசு என்பேன். இரண்டாவது, எவனுக்கு வலி வந்தாலும் மறுபடி கீழே இறக்குகிற வைத்தியம் எங்கள் படகில் கிடையாது. இந்த வருடப் பருவத்தில் ஜூட் என்கிற சுழியோடி தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, கூட வந்தவர்கள் சிலிண்டரைத் தூக்கினார்கள். நஸீர் நானா படகைக் கரைக்குத் திருப்பினார். அது உண்மையிலேயே காற்றுத்தான் அடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து, காற்றழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவனைச் சுகமாக்கினார்கள். கல்லா காற்றா என்று கடல் நடுவில் நின்று தீர்மானிக்கிற அறிவு எங்களுக்கு இல்லை என்று நானா எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார். என்னை முதலில் கீழே இறக்கிய மனிதர் அவர்தான்.

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழும்பிய அன்றைக்கு, நான் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். எல்லாரும் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, இழுக்காமல் கொஞ்சம் நில்லுங்கள் என்றேன். பாஸ்டரும் செய்தார். அந்தச் சின்ன இடம் எப்படி அமைதியாகிப்போனது தெரியுமா? பிள்ளைகள் முதலில் சிரித்துக்கொண்டு இழுத்தார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பெரியவர்கள். அந்த நேரத்துக்குள் உங்களிடம் என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றும் இல்லாத அந்த இடத்தில்தான் அவர் என்னைச் சந்தித்தார் என்றேன்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உங்களுக்கும் ஏதோ ஒரு படம் எடுத்து, ஏதோ ஒரு நாள் குறித்துத் தந்திருப்பார்கள். போவதா விடுவதா என்று இரவும் பகலும் யோசிப்பீர்கள். ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டுப் போங்கள். விசுவாசம் நிறைந்து வழியட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். நெஞ்சு வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே போங்கள். போய் அவருக்கு முன்னால் அசையாமல் கொஞ்சம் நில்லுங்கள். அவர் மறக்கமாட்டார். என்னை அவர் ஒரு நிமிடமும் மறக்கவில்லை, அந்த மேசையில் நான்தான் மூச்செடுக்க மறந்துபோனேன்.